அண்ணம் தைத்த பின் மூன்று வாரம்

லதாய் பத்தொன்பது வயதில் வவாவு தீவு மருத்துவமனைக்குத் தரை துடைக்க வந்தாள். முப்பதில் பிள்ளைகள் வார்டு உதவியாளர் ஆனாள். மயக்கம் தெளியும் பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்திப் பிடிப்பது, வாந்தி துடைப்பது, தாய்மாருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்வது எல்லாம் அவள் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், வார்டில் இருக்கிற இருபது பிள்ளை போதாதா என்று கேட்டாள்.

ஆகஸ்டு தோறும் வெளிநாட்டு அறுவை மருத்துவர்கள் பத்து நாள் வருவார்கள். பிளந்த உதட்டைத் தைத்தால் ஆறிவிடும். பிளந்த அண்ணம்தான் சங்கடம். ஒரு ஆகஸ்டில், முந்தின வருடம் தைத்த ஒன்பது அண்ணங்களை விளக்கடித்துப் பார்த்தபோது நான்கில் ஓட்டை இருந்தது. பெரிய மருத்துவர் முதலில் நூலைக் குறை சொன்னார். பிறகு தன் கையையே குறை சொல்லிக்கொண்டார்.

அந்த நான்கில் ஒருத்தி சியாலே, மூன்று வயது. பால் குடித்தால் மூக்கில் வரும். பேசினால் காற்றெல்லாம் மூக்கு வழியே போய்விடும். வீட்டாரைத் தவிர யாருக்கும் ஒரு சொல் விளங்காது. இன்னொரு தடவை தைக்கிறேன், அதுவும் பிரிந்தால் தழும்பேறிய சதையில் தையல் நிற்காது, அப்புறம் என்னால் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

போன தடவை தையல் எப்படிப் பிரிந்தது என்று லதாய் நான்கு தாய்மாரையும் கேட்டாள். பிள்ளை கீழே விழுந்துவிட்டது என்றார்கள் நால்வரும். அந்த வருடம் தீவில் நான்கு பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டே விழுந்திருக்க வேண்டும்.

விடை அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் கிடைத்தது. தம்பி மகளுக்கு லதாய் பன்றி இறைச்சியும் கிழங்கும் எடுத்துக் கொடுத்தாள். தம்பி மனைவி தட்டைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளைக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு என்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

"அத அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க குடுக்கறப்ப நான் என்னத்தச் சொல்ல, அண்ணி?"

சொல்ல முடியாதுதான். அப்பாவின் அக்கா தங்கை கொடுப்பதைத் தடுக்க அந்தத் தீவில் எந்த வீட்டிலும் யாருக்கும் வாய் கிடையாது. பெற்றவளுக்கும் இல்லை, பெற்றவனுக்கும் இல்லை. லதாய்க்கு இது பிறந்தது முதல் தெரியும். ஆனாலும் பதினோரு வருடமாக, மூன்று வாரத்துக்குக் கெட்டியாக எதுவும் தராதே என்று தாய்மாரிடம் மட்டுமே சொல்லி வந்திருக்கிறாள்.

மறுநாள் சியாலேயின் அம்மா மெலியாமேயிடம், கரும்பா கிழங்கா என்று மட்டும் கேட்டாள். கரும்பு என்றாள் மெலியாமே. யார் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

சியாலேயின் அத்தை கலோலைனே தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி, குரலும் உடம்பும் பெரிது. அன்று மாலையே லதாய் பெரியவர்களைப் பார்க்கப் போகிற முறைப்படி இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு போய், அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னடி, பாயெல்லாம் சுத்திக்கிட்டு வந்திருக்க? யாரு செத்தா?"

யாரும் சாகவில்லை, சியாலேக்கு வியாழக்கிழமை மறுபடி தைக்கிறார்கள், மூன்று வாரம் கஞ்சியும் தண்ணீரும்தான் என்றாள் லதாய்.

"அத அவ ஆத்தாகிட்ட சொல்லு."

"போன வருஷமே சொன்னோம், அக்கா. அவளால உங்களத் தடுக்க முடியல."

கலோலைனே விசிறியை நிறுத்தினாள். "நான் கெடுத்தேன்னு சொல்ல வந்தியா?"

"நேத்து என் தம்பி வீட்டுல நானும் அதத்தான் செஞ்சேன். எனக்கு வேண்டியது வேற. இந்த மூணு வாரமும் புள்ளைக்கு நீங்கதான் ஊட்டணும். வேற யாரும் ஒரு பருக்கை வைக்கக் கூடாது. அப்படி ஊரயே நிறுத்த உங்க ஒருத்தராலதான் முடியும்."

"பசிக்குதுன்னு அழுவாளே."

"கஞ்சி குடுங்க. எத்தன தடவ வேணாலும் குடுங்க."

கலோலைனே சரி என்று சொல்லவில்லை. ஆனால் வியாழக்கிழமை தலையணையோடு வந்து கட்டிலுக்கருகே இடம் பிடித்தாள். வீட்டுக்குப் போன பிறகும் பிள்ளையைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்தாள். பிஸ்கட் பொட்டலத்தோடு வந்த போதகரை வாசலிலேயே பேச்சுக் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள். அப்பன் மாம்பழத்தோடு வந்தபோது, "அத நீயே தின்னுட்டுப் போடா" என்றாள். லதாய் ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் கஞ்சி வடிகட்டியிருக்கிறதா என்று பார்த்தாள்; அதற்கும் திட்டு வாங்கினாள்.

இருபத்தோராம் நாள் வார்டு நர்ஸ் விளக்கடித்துப் பார்த்தார். தையல் கோடு முழுதாக இருந்தது. பேச்சு உடனே வந்துவிடவில்லை. மூக்கை அடைத்துக்கொண்டு ஊதப் பழக்க வேண்டியிருந்தது. அத்தையே பாட்டு வகுப்புப்போல அதட்டிப் பழக்கினாள். அடுத்த ஆகஸ்டில் சியாலே தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொன்னாள். மூக்குச் சாயல் இருந்தது, ஆனால் அந்நியர்களுக்கும் விளங்கியது. பெரிய மருத்துவர் மகிழ்ந்துபோய், புதிதாக வாங்கிய நூல்தான் காரணம் என்று எழுதிக்கொண்டார். லதாய் அவரிடம் மறுத்துப் பேசவில்லை. நர்ஸிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

அன்று முதல் அண்ணம் தைக்க வரும் பிள்ளைக்கு அப்பா பெயரோடு அத்தை பெயரையும் கேட்கிறார்கள். அத்தை நேரில் வந்து உட்கார்ந்தால்தான் நாள் குறிப்பார்கள். முதல் வருடம் தைத்த ஏழில் ஒன்றுதான் பிரிந்தது. அந்தப் பிள்ளைக்கு இரண்டு அத்தைகள். லதாய் இளையவளை மட்டும் அழைத்திருந்தாள்.