ஜுரமில்லாத ஜுரக்காரி

லாண்டரியில் அவளுக்கு ஜுரக்காரி என்று பெயர். ஜுரம் என்று ஒரு நாள்கூட லீவு போட்டவள் இல்லை. "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்கு நடு மகள், "அம்மாவுக்குத்தான் தினமும் காலையில ஜுரம். தெர்மாமீட்டரை வாயில வெச்சுக்கிட்டே படுத்திருப்பாங்க" என்று சொல்லிவைத்தாள். அந்த டீச்சரின் அக்கா லாண்டரியில் மடிப்பு மேஜையில் வேலை பார்ப்பவள். போதாதா?

அவளும் மறுக்கவில்லை. விளக்கப் போனால் அந்தப் பேச்சு இன்னும் நாலு நாளைக்கு ஓடும்.

விஷயம் இதுதான். மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கிறான். இன்னொன்று வேண்டாம் என்பதில் அவளுக்கு இரண்டாம் பேச்சே இல்லை. மாத்திரை சாப்பிட்டாள், தலைவலி மண்டையைப் பிளந்தது. காப்பர்-டி வைத்தார்கள், மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. அதையும் எடுத்தாயிற்று. அவள் புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். ஆணுறைப் பேச்சை எடுத்தாலே அவருக்கு முகம் சுருங்கிவிடும். கடைசியில் கிளினிக் நர்ஸ் ஓர் அட்டவணையைக் கையில் கொடுத்தாள். தினமும் காலையில் ஒரே நேரத்தில், படுக்கையை விட்டு எழுவதற்கு முன் உடம்புச் சூட்டைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கருமுட்டை வெளிவந்தபின் சூடு கொஞ்சம் ஏறும். ஆறு நாள் தாழ்ந்திருந்து, அதன்பின் தொடர்ந்து மூன்று நாள் ஏறியே நின்றால் அப்புறம் பயமில்லை. வெள்ளைப்படுதலின் மாற்றத்தையும் கவனிக்கச் சொன்னாள். நாள் முழுக்க ஆவி கக்கும் இயந்திரத்தின் முன் நனைந்து நிற்பவளுக்கு எது வியர்வை, எது வேறு என்று எங்கே தெரிகிறது? தெர்மாமீட்டரையே மலைபோல நம்பினாள்.

"ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க," என்றாள் நர்ஸ். "சரியாத் தூங்காத அன்னிக்கு இது செல்லாது. கட்டத்தைக் காலியா விட்டுடுங்க."

சரியாகத் தூங்காத அன்று! மூன்று பிள்ளை பெற்றவளிடம் சொல்கிற பேச்சா அது?

ஆனாலும் ஒரு வருஷம் ஓட்டிவிட்டாள். ஐந்தரைக்கு அலாரம். பீரோ கதவின் உள்பக்கம் அட்டவணை, பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில். டைம்கீப்பருக்கு அதில் ஒரு வேலைதான். "இன்னிக்கு எப்படி?" என்று கேட்பார், அதையும் பீரோவைப் பார்த்துத்தான் கேட்பார்.

போன மாதம் கடைக்குட்டிக்கு வாந்தி பேதி. மூன்று நாள் அவள் கண்மூடியது கோழித்தூக்கம்தான். முதல் இரண்டு நாளும் சூடு ஏறியிருந்தது, இருந்த அலைச்சலில் அதையும் குறித்துவிட்டாள். மூன்றாம் நாள் தெர்மாமீட்டரைத் தொடவே நேரமில்லை. நாலாம் நாள் பீரோவைத் திறந்தால் மூன்று கட்டமும் நிரம்பியிருந்தன. அரைத்தூக்கத்தில் தானே எழுதியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்க அன்று உடம்பில் தெம்பில்லை. மூன்று நாள் ஆயிற்று, பயமில்லை.

இப்போது பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது.

பன்னிரண்டு நாளும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி ரோலருக்குள் விட்டபடியே விரல்விட்டு எண்ணினாள். மறுபடி குமட்டல், மறுபடி வீங்கிய கால், மறுபடி பால் கட்டிய மார்பு. பிள்ளைகள்மேல் வெறுப்பெல்லாம் இல்லை. அலுப்பு, எலும்புவரை இறங்கிவிட்ட அலுப்பு. மூவரும் பள்ளிக்கூடம் போனபின், ஷிப்டுக்குக் கிளம்புமுன், அவளுக்கு அரை மணி நேரம் கிடைக்கிறது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருப்பாள். பதினோரு வருஷம் கழித்துக் கிடைத்த அரை மணி, அதுவும் போய்விடும்.

அன்று சாயங்காலம் அட்டவணையைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். மூன்றாம் நாள் கட்டத்தில் ஏழின் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அவள் ஏழுக்குக் கோடு போடுவதில்லை. ஒன்றோடு குழம்பக் கூடாதென்று டிப்போவில்தான் அப்படிப் போடுவார்கள்.

"இது நீங்க எழுதினதா?"

டைம்கீப்பர் எட்டிப் பார்த்தார். "ஆமா. காலியா கெடந்துச்சு. நீ பாவம், அலைஞ்சுக்கிட்டு இருந்தே. முந்தின நாள்து என்னவோ அதையே போட்டேன்."

"எதுக்கு?"

"டிப்போவுல அப்படித்தானே? பஸ் வந்த நேரத்தைக் குறிக்க விட்டுப்போச்சுன்னா நேத்து நேரத்தைப் போட்டுடுவோம். கட்டம் காலியா இருந்தா மேல இருந்து கேள்வி வரும்."

முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் நாலு திட்டாவது திட்டித் தீர்த்திருக்கலாம். "எனக்குப் பன்னெண்டு நாள் தள்ளியிருக்கு," என்று மட்டும் சொன்னாள். அவர் கையிலிருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

மறுநாள் மத்தியானம் லாண்டரிக் கழிப்பறையில் உதிரம் கண்டது. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். வெளியே வந்ததும் மடிப்பு மேஜைக்காரி முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஜுரக்காரி, ரொம்ப அடிக்குதா?" என்றாள்.

"விட்டுடுச்சுக்கா," என்றாள் அவள்.

வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகவில்லை, கிளினிக் வழியாகப் போனாள்.

அடுத்த நாள் ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. தெர்மாமீட்டரை எடுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த டைம்கீப்பரின் வாயில் வைத்தாள்.

"நாக்குக்கு அடியில வெச்சுக்குங்க. சத்தம் வர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. மாத்திரை நான் சாப்பிட்டேன். காப்பர்-டி நான் வெச்சுக்கிட்டேன். ஒரு வருஷமா தினமும் இதைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கிறேன். இனிமே என்னால முடியலைங்க. ஆம்பளைங்களுக்குப் பண்றது சின்ன ஆபரேஷன், அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். வியாழக்கிழமைக்கு உங்க பேரைக் கொடுத்துட்டு வந்திருக்கேன். அதுக்கப்புறமும் மூணு மாசம், சோதிச்சுப் பார்த்து சரின்னு சொல்ற வரைக்கும் உறை போட்டுத்தான் ஆகணும். மூஞ்சியைச் சுருக்காதீங்க."

தெர்மாமீட்டர் பீப் என்றது. அவர் அதை வாயிலிருந்து எடுத்தார். எண்ணைப் பார்க்கவில்லை.

"ரொம்ப வலிக்குமா?" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு வரிசையாகப் படுத்திருந்த பிள்ளைகளைப் பெரியவளிலிருந்து கடைக்குட்டிவரை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவரும் அவள் பார்வையோடு கூடவே போய்த் திரும்பினார்.

"சரி," என்றார். "வியாழக்கிழமைக்கு லீவு சொல்லிடறேன்."

அவள் அலாரத்தை ஆறரைக்குத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.