ஹிஸானாவின் புட்டிகள்

மூடியில் எழுதமாட்டாள் ஹிஸானா. புட்டியின் உடம்பில்தான் சீட்டு ஒட்டி எழுதுவாள். "மூடி ஆள் மாறும் அத்தா, உடம்பு மாறாது" என்பாள். எங்கள் மட்டாஞ்சேரி வீட்டு அடுக்களையில் உப்பு, சீனி, மல்லிப்பொடி எல்லாம் வயிற்றில் சீட்டோடு நிற்கின்றன. சாயா ஊற்றுவதற்கு முன்னால்கூடப் பாத்திரத்தை அடி கலங்க ஒரு சுற்றுச் சுற்றுவாள். கழிவுவெள்ளத்தை, சாக்கடைத் தண்ணீரைத்தான், சோதனைக்குத் தயார் செய்கிற லாபில் வேலை பார்க்கிறாள் என் மகள். கை அப்படிப் பழகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அவள் ஸ்கூட்டரின் பின்னால், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பள்ளுருத்திக்குப் போனேன். இறால் உரிக்கிற ஷெட்டின் ஓடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் கரும்புச்சாறு பிடிக்கிறவள் மாதிரிப் பதனமாகக் குனிந்து புட்டியில் பிடித்தாள். அங்கேயே அமிலம் சில சொட்டு விட்டாள். ஒரு காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்த்தாள். உடனே ஐஸுக்குள் இறக்கினாள். இதையெல்லாம் லாபில் போய்ச் செய்தால் ஆகாதா என்று கேட்டேன்.

"உள்ளெ இருக்குற கிருமி சும்மா இருக்குமா அத்தா? போற வழியிலெயே அழுக்கெத் தின்னு தீத்துரும். பின்னெ நோக்கினா இது நல்ல வெள்ளம்னு வரும். எடுத்த எடத்துலெயே நிறுத்தணும்."

இப்போது அவளுக்கு அனீஸ் பிறந்திருக்கிறான். பேரன் சிரித்தால் ஈறு மட்டும் தெரியும். என் சுக்குக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போனில் அவன் படத்தைக் காட்டிவிட்டு, சரக்கு நிறுக்க மறந்துபோகிறேன்.

ஹிஸானாவின் பிரசவ லீவு முடிகிற நேரத்தில்தான் சங்கடம் வந்தது. பாலைப் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு இளஞ்சூடாக்கிப் புட்டியில் கொடுத்தால் அனீஸ் துப்பினான். புட்டியின் ரப்பர் காம்பை மாற்றினோம். மடியை மாற்றினோம். என் மனைவி ஜலீலா பாட்டுகூடப் பாடினாள். அதற்கும் சேர்த்து அழுதான்.

"குடிக்கலென்னா ஜோலிய ராஜி வெச்சு விட்டுர்றேன்" என்றாள் ஹிஸானா. அதைச் சொல்லிவிட்டு, தோய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டை மறுபடியும் மடித்தாள்.

மறுநாள் காலையில் அடுக்களையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் பிழிந்த பாலை அதே புட்டியில் கொடுத்தாள். அனீஸ் கடகடவென்று குடித்தான். அப்படியென்றால் புட்டிமேல் அவனுக்குக் கோபம் இல்லை. முந்தின நாள் பாலைத் திறந்து முகர்ந்தாள். என்னிடமும் நீட்டினாள். சோப்பு மணம்.

"கக்கூஸ் வெள்ளத்தெ நோக்குற மாதிரில்ல பால நோக்குறா" என்றாள் ஜலீலா.

"கெட்டுப்போகலெ உம்மா. பாலுக்குள்ளெயே ஏதோ இருந்துக்கிட்டு வேலெ செய்யுது. வெக்க வெக்க மணம் மாறுது. எடுத்த ஒடனே நிறுத்தணும்."

ஜலீலா எழுந்து அடுப்புக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். "அடீ, எம் பேரனுக்கு அந்த ஆசிடெயா ஊத்தப்போறே?"

ஹிஸானா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த அனீஸும் குலுங்கினான். "ஆசிட் வேண்டாம் உம்மா, சூடு காட்டினாலே அது நின்னுரும்." குழந்தை டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, புதிதாகப் பிழிந்த பாலை அடுப்பில் வைத்தாள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும், கொதிக்க விடாமல் இறக்கி, ஐஸ் தண்ணீரில் நிறுத்தி ஆற்றினாள். புட்டியில் சீட்டு ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தாள்.

"நாளெக்கு நீங்க கொடுங்க அத்தா. நான் இருந்தா எம் மணத்துக்குத் திரும்புவான்."

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். மதியம் அனீஸ் பசித்து முனகினான். ரப்பரை உதட்டில் வைத்தேன். ஒரு தடவை நாக்கால் தள்ளினான். என்னைப் பார்த்தான். பிறகு பிடித்துக்கொண்டான். கன்னம் இரண்டும் உள்ளே போய் உள்ளே போய் வந்தன.

"விளி, அவளெ விளி" என்று ஜலீலாவே வீடியோவில் மகளைக் கூப்பிட்டுப் போனைப் பேரன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

லாப் மேஜையில் சாய்த்து வைத்த போனில் ஹிஸானா தெரிந்தாள். வெள்ளைக் கோட்டு, இரண்டு கையிலும் உறை, கையில் தவிட்டு நிறப் புட்டி. உள்ளே கலங்கத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அனீஸ் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. புட்டி காலியானதும் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"செரி அத்தா, இங்கெ ஜோலி கெடக்கு."

உறை போட்ட கையால் போனைத் தொட முடியாது. குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, மூக்கு நுனியால் அழுத்திப் போனை வைத்தாள்.