அப்பாவின் சட்டை போட்ட மூட்டை

கீழ்பென்னாத்தூர் மண்டியில் இன்று நனைந்த வேர்க்கடலைத் தோலின், எங்கள் பேச்சில் மல்லாட்டைத் தோலின், வாசனை மூக்கில் ஏறியதும், செங்கம் ரோட்டில் மூடிக்கிடந்த எண்ணெய் மில் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே லாட்ஜ் இருக்கிறது. அப்போது மில்லின் உத்தரத்தில், கராத்தே பழகுவதற்காக வசந்தா அக்கா கோணியில் மல்லாட்டைத் தோல் அடைத்துக் கட்டிய மூட்டை தொங்கியது. தோல் கொட்டாமலிருக்க, செத்துப்போன அப்பாவின் காக்கிச் சட்டையை அதற்கு மாட்டியிருந்தாள். விடிந்ததும் முதலில் இடது கை, பிறகு வலது, கடைசியில் உதை. மூட்டை ஆடாமல் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வது என் வேலை.

ஒருமுறை மழைக்கு மறுநாள், தோல் புழுங்கி மூட்டை உடம்பைப் போலச் சுட்டது. சட்டை முதுகில் வேர்த்தாற்போல ஈரம். எங்களைத் தேடிவந்த அம்மா அதில் காதை வைத்துக் கேட்டாள்.

"மூச்சு வாங்குதுடி."

"வெறும் தோலும்மா," என்றாள் அக்கா.

"என்னை அடிச்சு முடிச்சதும் இப்பிடித்தான் வாங்கும் அவருக்கு."

அக்கா மூட்டைக்கு முன்னாலிருந்து விலகினாள். பிறகு, "இடது காலை முன்னால வைம்மா," என்றாள்.

அம்மா அடிக்கத் தொடங்கினாள். நான் கண்ணை மூடி அந்தச் சூட்டைக் கட்டிக்கொண்டேன். ஒவ்வோர் அடிக்கும் சட்டையின் கைகள் என் தோளில் வந்து விழுந்தன.