இறந்தவர்களுக்கு விட்ட இடம்

மலேசியாவில் பத்து காஜா ஊர்ப் பக்கம் அந்தப் பழைய தோட்டத்தில் சீனியைத் தெரியாத ஆள் கிடையாது. தெரியாவிட்டால் அது அந்த ஆளின் குறை. அப்படித்தான் சீனியே சொல்வார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சீமோன். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு போச்சு. ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டினார். மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது குலை சுமந்தார். பிறகு ஓர் ஓட்டை லாரி வாங்கினார். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் குலை ஏற்றி ஆலைக்குப் போகிற லாரிகளில் பாதி அவருடையது. எவன் கையையும் பிடித்து மேலே வந்தவரில்லை; பிடித்தது கர்த்தருடைய கை ஒன்றைத்தான். கேட்காவிட்டாலும் இதைச் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு காரியம்தான் கைகூடவில்லை. தோட்டத்துக் கோயிலில் எழுப்புதல் வரவேண்டும், ஆவியானவர் அனல்மூட்டி ஜனங்கள் திரும்பி வரவேண்டும் என்று வருடக்கணக்காக முழங்கால் தேய ஜெபித்தார். ஜனங்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். ஒரு வீட்டார் ஐப்போவுக்கு, ஒரு வீட்டார் ஷா ஆலமுக்கு. கடைசியில் செம்பனைக் காட்டுக்கு நடுவில் அந்தத் தகரக்கூரைக் கோயிலும், மூப்பர் சீனியும், வயதான சாராள் அக்காவும் மிச்சம். பாஸ்டர் தர்மேந்திரன் ஐப்போவிலிருந்து மாதம் ஒரு முறை வந்து போவார்.

ஆனால் சீனியின் கண்ணுக்குக் கோயில் காலியாக இல்லை.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் இறந்துபோனால் பெஞ்சில் அவர் உட்கார்ந்த இடத்தில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். அவர் வீட்டுப் பிள்ளை வளர்ந்து வந்து உட்கார்ந்தால்தான் உண்டு. பிள்ளைகளெல்லாம் ஊரைவிட்டுப் போனபிறகு அந்த இடங்கள் அப்படியே நின்றுவிட்டன. மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் முதல் பெஞ்சு ஓரத்தில், தோட்டத்தில் கங்காணியாக இருந்த தானியேல் மண்டோர் தொண்டையைச் செருமுவது கேட்கும். ஆள் இல்லாத பெஞ்சு கிறீச்சிடும். பெண்கள் பக்கம், ஜன்னலோரம், சீனியின் மனைவி நவமணியின் இடம். ஆராதனை தொடங்கியதும் அங்கிருந்து வேர்க்குரு பவுடர் வாசம் வரும். அவள் போய்ப் பல வருடம் ஆயிற்று.

பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை சீனி. ஆனாலும் கொஞ்ச நாளாக அவர்கள் பாடாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டது. எதற்கோ காத்திருக்கிற பார்வை. அதுதான் முதுகைச் சில்லிட வைத்தது.

ஒரு ஞாயிறு பாஸ்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, பெந்தெகொஸ்தே ஞாயிறு வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் பூட்டிரலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க."

"யாரக் கேட்டு? இந்தக் கூரை நான் போட்டது லா!"

"கூரை இருக்குண்ணே. கீழ ஆளு இல்லையே."

"ஏன் இல்ல? இருக்காங்க." வாய் தவறி வந்துவிட்டது.

பாஸ்டர் பெஞ்சுகளைப் பார்த்தார். பிறகு சீனியைப் பார்த்தார், காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல.

சீனி உபவாசம் இருந்தார். போய்விட்ட குடும்பங்களுக்கெல்லாம் போன் போட்டார். அவர் மகனே சிரித்தான். "அப்பா, இங்க சர்ச்சுல ஏசி இருக்கு, பேண்டு இருக்கு. அந்தக் காட்டுல கொசுக்கடி வாங்கவா கூப்பிடுறீங்க? நீங்க இங்க வந்துருங்க லா."

ஆவியானவர் இறங்கிய நாளான பெந்தெகொஸ்தே அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. பாஸ்டர் வந்துவிட்டார். ஊரிலிருந்து ஒரு கார்கூட வரவில்லை. சாராள் அக்கா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் நேரே சீனியிடம் போனார்.

"ஏன்டா சீனி, வெளிய சுவரோரமா இம்புட்டுப் பேரு நனையிறாங்களே, யாருடா அவங்க?"

சீனிக்குத் தெரியும். இந்தோனேசியாவின் திமோர் தீவிலிருந்து வந்து அவர் லாரிக்குக் குலை ஏற்றுகிற ஆட்கள். யோஹானிஸ், அவன் பெண்டாட்டி பெலிண்டா, இன்னும் சிலர். கிறிஸ்தவர்கள்தான். சில மாதங்களுக்கு முன், சாராள் அக்கா வராத ஒரு ஞாயிறு, கூச்சத்தோடு உள்ளே வந்து பெஞ்சில் உட்காரப் போனார்கள். "தெம்பாட் ஓராங்" என்றார் சீனி. அது வேறு ஆளுடைய இடம் என்று அர்த்தம். பொய்யில்லை, அவர் அறிந்த சத்தியம். அவர்களும் தலையாட்டிவிட்டு வெளியே போனார்கள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பின்பக்க இறவாரத்தடியில் ஒதுங்கி நின்று ஆராதனையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சீனி கேட்ட எழுப்புதல் வேறே. நம் ஜனம், நம் பாட்டு, நம் தோட்டம்.

"அவங்களுக்கு இடமில்லக்கா," என்றார்.

"எங்கடா இல்ல?"

"அது தானியேல் அண்ணன் இடம். அது அந்தோணி இடம். அங்க..." ஜன்னல் பக்கம் கை நீண்டது. பெயர் வரவில்லை.

கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "தானியேலு உசுரோட இருந்தா, மழையில நிக்கிறவங்களப் பாத்துட்டு இந்நேரம் எந்திரிச்சு இடம் விட்டுருப்பான். நீதான்டா அவன எந்திரிக்க விடாம உக்கார வச்சிருக்க. எழுப்புதல் வேணுமாம்ல எழுப்புதல்!"

முதல் பெஞ்சிலிருந்து செருமல் சத்தம் கேட்டது. சீனிக்கு மட்டும். இறந்தவர்கள் அத்தனை பேரும் இத்தனை நாளாக எதற்காகத் தன்னைப் பார்த்தார்கள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

கதவண்டை போனார். லாரிக்காரக் குரல் எங்கேயோ போய்விட்டது. "மாசோக்," என்றார் மெதுவாக. உள்ளே வாங்க.

வந்தவர்கள் உட்காராமல் நின்றார்கள். அவரே ஒவ்வொரு இடமாகக் காட்டினார். யோஹானிஸ் தானியேல் மண்டோர் இடத்தில் உட்கார்ந்தான். பெலிண்டா ஜன்னலோரம் தயங்கி, முதலாளியைப் பார்த்து, இது யார் இடம் தவுக்கே என்று மலாயில் கேட்டாள்.

"என் பொஞ்சாதி இடம்," என்று அவரும் மலாயிலேயே சொன்னார்.

"கோவிச்சுக்குவாங்களா?"

"கொஞ்சம் கோவக்காரிதான்," என்றார் சீனி. "பரவால்ல. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். நனைந்த துணி வாசமும் செம்பனை எண்ணெய் வாசமும் எழுந்தன. பவுடர் வாசம் நின்றுபோயிற்று. சீனி மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். இல்லை. இத்தனை வருடம் கழித்து நவமணி அன்றைக்குத்தான் செத்தாள்.

"அடுத்த ஞாயிறும் வாரேன்ணே," என்றார் பாஸ்டர், அவர் தோளைத் தொட்டு. "முதல்ல நீங்க ஜெபம் பண்ணுங்க. அவங்களுக்கு வெளங்குற மாதிரி."

தமிழில் சீனி ஜெபித்தால் கூரை அதிரும். அந்தப் பேச்சு அவருக்குக் கைவந்தது. மலாய் என்றால் அவருக்குத் தெரிந்தது லாரி ஓரத்து மலாய். தூக்கு, சீக்கிரம், இங்கே வா. அதை வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் எப்படிப் பேசுவது? கண்ணை இறுக மூடினார்.

"துஹான்," என்றார். ஆண்டவரே. அடுத்த சொல் கிடைக்கவில்லை. கிடைத்தது, குலை தூக்கக் கூலியாளைக் கூப்பிடுகிற சொல்தான். "மாரி." வா.

ஆமென் என்று பல குரல்கள் எழுந்தன. மழையில் அந்தச் சத்தம் யார் யாருடையது என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கண்ணைத் திறக்கத் துணிவில்லாமல் மறுபடி கூப்பிட்டார்.