பாட்டில் பார்க்கிற வேலை

பாளையம் தாண்டியபோது கால் மறுபடி வலித்தது. நிற்கவில்லை. நின்றால் திரும்பிப் பார்க்கத் தோன்றும். விட்டுப் போகிற இடத்தைத் திரும்பிப் பார்ப்பது என் வழக்கமல்ல. போனக்காட்டுத் தேயிலைச் சரிவில் உருண்டு விழுந்து, காலில் சீழ் வைத்து, இரண்டு மாதம் கிடந்த அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலை என்னை அனுப்பிவிட்டார்கள். கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ் ஏறுவதாக இருந்தேன். அங்கே எனக்கு யாரும் இல்லை. பஸ் இருந்தது, அவ்வளவுதான்.

ஆண்கள் வார்டில் நாற்பது கட்டில். தரையில் பாய்களில் இன்னும் கொஞ்சம் பேர். பகலில் நான்கு நர்சுகள். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்திக்கு இரண்டு டியூட்டி. மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றபடியே இரண்டு வாய் சோறு விழுங்குவார்கள். பல நாள் அதுவும் நடக்காது. டிபன் பாக்ஸ் திறக்காமலே வீட்டுக்குப் போகும்.

அவர்களில் சின்னவள் மார்த்தாண்டத்துக்காரி. வந்த புதிதில் வாய் ஓயாது. போகப்போகப் பேச்சு நின்றது. ஒருநாள் எல்லாருக்கும் காய்ச்சல் பார்த்துக்கொண்டு வந்தவள், எனக்குப் பக்கத்து ஏழாம் கட்டிலின் சார்ட்டிலும் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதிவிட்டுப் போனாள். ஏழாம் கட்டில்காரர் விடியற்காலையிலேயே இறந்துபோயிருந்தார். விரிப்பு மாற்றிய வெறும் கட்டில் அது.

தலைமை நர்ஸ் மலையாளத்துக்காரர், ஓய்வு பெறும் வயது. சார்ட்டை எடுத்துப் பார்த்தார்.

“செத்துப்போனவனுக்கு டெம்பரேச்சர் நார்மலோ, மோளே?”

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சின்னவள் அந்தக் காலிக் கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

“நான் ஊருக்குப் போறேன் சிஸ்டர். பெட்டி கட்டியாச்சு.”

தலைமை நர்ஸ் அந்தத் தாளைக் கிழித்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம் என்னிடம் வந்தார். “எடோ போனக்காடே, காலுதானே கேடு? கண்ணு உண்டல்லோ?”

வார்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். தொங்குகிற சலைன் பாட்டில்களை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிலாவது தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்கு இறங்கினாலோ, யாருக்காவது மூச்சு முட்டினாலோ கத்த வேண்டும். தினமும் ஒரு மணிக்கு இருபது நிமிடம் நால்வரும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, கொண்டுவந்ததை ஒன்றாகப் பரப்பிச் சாப்பிடுவார்கள். நோயாளிகளைப் பற்றி யாரும் பேசக்கூடாது. சின்னவளிடம் சொன்னார்: “கொஞ்ச நாள் இருந்து தின்னு பாரு. பின்னே பெட்டியை எடு.”

முதல் நாட்களில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் ஒருநாள் சின்னவளின் குரல்.

“இது மீன்கறியா, மொளகாக் கரைசலா?”

“பின்னே, உங்க ஊர்ல ஆக்குறதோ? மீன் குளிச்சிட்டுப் போன வெள்ளம்!” என்றது இன்னொரு குரல்.

சின்னவள் சிரித்தாள். அதே நேரம் பதினொன்றாம் கட்டில் பாட்டில் இரண்டு விரலுக்கு இறங்கியிருந்தது. அந்தச் சிரிப்பை வெட்ட மனமில்லாமல் ஒரு விரல் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகுதான் கத்தினேன். எச்சில் கையோடு ஓடிவந்த தலைமை நர்ஸ், பாட்டிலை மாற்றிய பிறகு என் தலையில் குட்டினார்.

“கழுதே, சிரிப்பு நாளைக்கும் வரும். ஆளு வருமோ?”

அதற்குப் பிறகு நான் தவறவில்லை.

கிளம்புகிற அன்று சின்னவள்தான் கட்டு மாற்றினாள்.

“வெயிட் எதுவும் தூக்காதீங்க அண்ணே.”

“இன்னைக்கு ஒரு மணிக்கு பாட்டில் யாரு பாக்குறது?”

“யாரு இருக்கா? பழையபடி நின்னுக்கிட்டே திங்கணும்.” கத்தரிக்கோலைத் துடைத்தாள். “பெட்டி இன்னும் கட்டினபடியேதான் கெடக்கு.”

கிழக்கேகோட்டை போய்ச் சேர்ந்தபோது கோயில் பக்கத்துக் கடிகாரம் ஒரு மணி அடித்தது. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அது உறுமிக் கிளம்பும்போது இறங்கிவிட்டேன். ராத்திரி பூட்டிய கடைப் படியொன்றில் படுத்துவிட்டு, விடிந்ததும் வந்த வழியே நடந்தேன்.

“எந்தா, காலு மறுபடி பொட்டிச்சோ?” என்றார் தலைமை நர்ஸ்.

வேலை வேண்டும் என்றேன்.

“பாட்டில் பாக்குறதுக்கு சர்க்கார் ஆளு எடுக்காது.” கொஞ்சம் யோசித்தார். “சவம் கொண்டுபோற ஆளு சொல்லாம ஓடிட்டான். தினக்கூலி. செய்வியோ?”

“ஒரு மணிக்கு?” என்றேன்.

வார்டு வாசல் நாற்காலியைக் கண்ணால் காட்டினார். “ஒரு மணிக்கு சவ அறை பூட்டியிருக்கும். அங்க வேலை செய்றவனும் உண்ணணுமே.”

சரி என்றேன். முதல் சவம் இருபதாம் கட்டில். தள்ளுவண்டியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தியபோது சின்னவள் வந்தாள்.

“வெயிட் தூக்காதீங்கன்னு சொன்னேன்லா?”

“வேற வேலை இல்லையாம் சிஸ்டர்.”

அவள் சிரிக்கவில்லை. தலைமாட்டை அவள் பிடித்தாள்; கால்மாட்டை நான் பிடித்தேன். ஒரு மணிக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.