முப்பது பேர் இருந்த குகை

ஸ்பாசே டுண்டேவ் ப்ரிலெப்பில் புகையிலை கோர்க்கும் கூலியாகத் தொடங்கியவர். இருபது வயதில் ரகசியமாகக் கட்சியில் சேர்ந்தார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் பல்கேரியப் பட்டாளத்தை எதிர்த்துப் போரிட மலையேறினார். போர் முடிந்ததும் ஸ்கோப்யேயில் பதினெட்டு வருஷம் சாலைத்துறை மந்திரி. கட்டிய பாலங்களில் இரண்டு நன்றாக வந்தன. மற்றவை அவசரத்தில் கட்டியவை. அதை அவரே சொல்வார். பதவி போனபின் சொந்த ஊருக்குத் திரும்பினார்.

மலையில் போரிட்டவர் என்ற சான்றிதழ் வாங்க, ஏற்கெனவே அது பெற்ற இருவர் சாட்சிக் கடிதம் தர வேண்டும். முன்னாள் மந்திரியின் கடிதத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. அதனால் மைத்துனன் வந்தான், சம்பந்தி வந்தார், எதிர்வீட்டுக்காரர் வந்தார். மறுத்தால் ஒரு சண்டை. எழுதினால் ஐந்து நிமிஷம். களைத்துப்போனவர் எழுதிக் கொடுத்தார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் கவ்ரில் வந்தார். மலையில் ஸ்பாசேயோடு ஒரே குகையில், ஒரே கம்பளிக்குள் ஒரு பனிக்காலத்தைக் கழித்தவர். போர் முடிந்தபின் இருபத்தெட்டு வருஷம் பளிங்குக் குவாரியில் கல் அறுத்தவர்.

“சான்றிதழ் வேணாம்னு இத்தன வருஷம் வீறாப்பா இருந்துட்டேன்டா. இப்ப நெஞ்சு பூரா கல்லுத்தூசி. போராளிங்க ஆஸ்பத்திரில அது இல்லாம படுக்கை குடுக்க மாட்டாங்களாம். நம்மகூட குகையில இருந்த தோடே எழுதிட்டான். இன்னொண்ணு நீ எழுது.”

ஸ்பாசே அங்கேயே எழுதினார். இரண்டு வாரத்தில் கடிதம் போராளிகள் சங்கத்தின் குறிப்போடு திரும்பி வந்தது: அந்தக் குழுவில் முப்பது பேர்தான் இருந்ததாக டுண்டேவ் தோழரே முன்பு அறிக்கை தந்திருக்கிறார். இதுவரை நாற்பத்தாறு பேருக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார். இனி அவர் சாட்சி ஏற்கப்படாது.

கவ்ரில் படித்துவிட்டுச் சிரித்தார். “குகையில இத்தன பேர் இருந்திருந்தா நமக்குக் குளிரே தெரிஞ்சிருக்காதேடா!” சிரிப்பு இருமலாகி வெகுநேரம் அடங்கவில்லை.

மறுநாள் ஸ்பாசே போராளிகள் சங்க அலுவலகத்துக்குப் போனார். எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “எந்தச் சாட்சியெல்லாம் பொய்னு நீங்களே எழுதிக் குடுத்தா, மிச்சம் நிக்கும் தோழர். ஆனா உங்க சான்றிதழையே பறிச்சாலும் பறிப்பாங்க.”

வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். காப்பி கொண்டுவந்த மனைவி ரிஸ்தனா முதல் பெயரைப் பார்த்துவிட்டாள்.

“என் தம்பி பேரா? உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?”

“அந்த வருஷம் அவன் பல்கேரியப் பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தான்.”

“அதுல பாதி ரொட்டி ராத்திரி உங்க மலைக்குத்தானே வந்துச்சு? தின்னீங்கல்ல?”

ஸ்பாசே பேனாவைக் கீழே வைத்தார். அவள் சொன்னது உண்மை. உண்மைகள் ஒன்றையொன்று ரத்துசெய்துகொள்வதில்லை, அதுதான் சங்கடம்.

“தின்னேன். அதையும் எழுதுறேன். ஆனா அவன் வரல, ரொட்டிதான் வந்துச்சு.”

முப்பத்தைந்து பெயர்கள் எழுதினார். ஏப்ரல் முடிவதற்குள் கவ்ரிலுக்குப் படுக்கை கிடைத்தது. ஸ்பாசேயின் சான்றிதழைத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் வந்தது, கொண்டுபோய்க் கொடுத்தார்.

மே தினத்தன்று வழக்கம்போல ஆட்டுக்கறி சுட்டார்கள். மைத்துனன் வீட்டார் வரவில்லை. மதியம் மூன்று மணிவரை பார்த்துவிட்டு, ரிஸ்தனா மேசையிலிருந்து நான்கு தட்டுகளை எடுத்து உள்ளே வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.