நோராவின் சூட்டுப் புட்டிங்

ஜோகுபாளையம் நோராவுக்குச் சம்பளம் கொடுப்பதே எது எவ்வளவு கெட்டி என்று பார்த்துச் சொல்வதற்குத்தான். ஜூஸ் வண்டிகளில் பிழிந்து போட்ட கரும்புச் சக்கையை வாங்கி, அதிலிருந்து செல்லுலோஸைப் பிரித்து, சாஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் போடுகிற கெட்டிப்பொடி செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை. அடியில் ஓட்டை போட்ட கிண்ணத்தில் பொடிக்கரைசலை ஊற்றி, ஸ்டாப்வாட்சை அமுக்கி, ஒழுகி முடிய எத்தனை நொடி என்று எழுதவேண்டும். பதினோரு வருடமாக எழுதுகிறாள். பழக்கதோஷத்தில் வீட்டிலும் சாம்பார் கரண்டியிலிருந்து விழுவதை எண்ணி, நாலு நொடி, தேறாது என்று ஒதுக்கிவிடுவாள். ரசத்துக்கு இந்தப் பரீட்சை கிடையாது என்பதால் கணவன் எரிக் ரசத்தையே விரும்பிச் சாப்பிடப் பழகிக்கொண்டான்.

அப்படிப்பட்டவளின் புட்டிங் மட்டும் மூன்று வருடமாக உறையவில்லை. மாதா கோயில் திருவிழாவில் ஆண்டுதோறும் புட்டிங் போட்டி உண்டு. முதல் வருடம் கடற்பாசி சரியாகக் கரையவில்லை. அடுத்த வருடம் கரன்ட் போயிற்று. மூன்றாம் வருடம் என்ன ஆயிற்று என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். எரிக்கின் தங்கை லீனாவோ தவறாமல் செங்கல் மாதிரி நிற்கிற கேரமல் புட்டிங்கோடு வருவாள். அண்ணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், சக்கையில் கஞ்சி காய்ச்சுகிறார்கள் என்பாள். இந்தத் தடவையும் ஒழுகினால் பதினோரு வருட உத்தியோகமே சிரிப்பாய்ச் சிரித்துப்போகும் என்று நோரா பயந்தாள்.

ஆகவே, சாப்பாட்டில் சேர்க்கலாம் என்று சான்று பெற்ற கம்பெனிப் பொடியையே முறைப்படி கேட்டு வாங்கினாள். அந்த ரகத்தின் குணம் தலைகீழ். ஆறினால் தண்ணீராக ஓடும், சூடேறினால் கட்டியாகும். குளிர்ந்த தேங்காய்ப்பாலில் பொடியைக் கரைத்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வைத்தாள். இறுகியதும் ஹாட்பாக்ஸில் மூடித் திருவிழாவுக்கு எடுத்துப்போனாள்.

எரிக் நல்லவன். புட்டிங்கைப் போய் யாராவது ஹாட்பாக்ஸில் வைப்பார்களா, பதற்றத்தில் இவளுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து, அவள் மெழுகுவர்த்தி ஏற்றப் போன நேரத்தில் பாத்திரத்தை ஐஸ்பெட்டிக்கு மாற்றிவிட்டான்.

நடுவர் டிரேவர் அங்கிள் முப்பது வருடம் ஓட்டல் சமையல்கட்டை மேய்த்தவர். அவர் மூடியைத் திறந்தபோது உள்ளே பாயசம் தளும்பியது.

"அண்ணி, ஸ்ட்ரா எடுத்தாரட்டா?" என்றாள் லீனா.

நோரா எரிக்கைப் பார்த்தாள். எரிக் கோயில் கோபுரத்தைப் பார்த்தான்.

கால் மணி நேரம் அவகாசம் கேட்டு, பாத்திரத்தைப் பக்கத்துக் கடை இட்லிச் சட்டிக்குள் இறக்கினாள் நோரா. கூட்டம் கூடிவிட்டது. தண்ணீரை வேகவைத்தா புட்டிங் ஆக்குவார்கள் என்று ஒருவர் விசாரித்தார். நேரம் ஆனதும் தட்டில் கவிழ்த்தாள். ஆவி பறக்க, லேசாக ஆடியபடி, நின்றது புட்டிங்.

டிரேவர் அங்கிள் ஒரு கரண்டி எடுத்தார். சூடாக இருந்ததால் யாரும் செய்வதையே செய்தார், ஊதினார். ஊத ஊத இளகி, கரண்டியிலிருந்து வழிந்து, வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"ஊதாதீங்க அங்கிள். ஊதினா தண்ணியாயிடும்."

"சுடுதேம்மா."

"சுட்டாத்தான் அது புட்டிங்."

அடுத்த கரண்டியை ஊதாமல் விழுங்கினார். கண்ணில் நீர் கோத்தது. நாக்கு வெந்துபோனதால் மற்ற புட்டிங்குகளை ருசி பார்க்க இயலாது, இந்த வருடம் எல்லாருக்கும் ஆறுதல் பரிசுதான் என்று அறிவித்துவிட்டு மோர் தேடிப் போனார்.

புட்டிங் இறுகியதை லீனா நம்பவில்லை. விரலால் ஒரு குத்து குத்தினாள். புட்டிங் குழிந்து மறுபடி நிமிர்ந்தது. சுட்ட விரலை வாயில் வைத்தவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஏலக்காய்தான் தூக்கலா இருக்கு, அண்ணி."

நாலு வருடத்தில் நோராவின் புட்டிங்கில், ருசியைப் பற்றி எழுந்த முதல் குறை அது. அதையே எரிக்கின் காதில் விழும்படி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.